ஒரு கிலோ சர்க்கரைக்குள் அரை ஏக்கர்

போன ஐப்பசியில் சென்னையில் ஒரு கடைக்கு நாங்கள் அனுப்பிய 120 பாக்கெட் நாட்டுச்சர்க்கரையில் 70 பாக்கெட் திரும்பி வந்துவிட்டது. புளிக்கவில்லை, பூச்சி விழவில்லை, எடை குறையவில்லை. கட்டி தட்டியிருந்தது. அவ்வளவுதான் குற்றம்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். போனில், “அக்கா, ருசி பிரமாதம். ஆனா வர்றவங்க பாக்கெட்டை அமுக்கிப் பாக்கறாங்க. கல்லாட்டம் இருந்தா பழசுன்னு நெனச்சு வெச்சிட்டுப் போயிடறாங்க” என்றார். போக வர லாரி வாடகை எங்கள் தலையில் விழுந்தது.

எங்கள் ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கம். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை வாங்குவதே எங்கள் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான். குழுவில் பதினோரு குடும்பங்கள். ரசாயன உரத்தை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. ஒரே ஆலைக்கொட்டகையில் முறை வைத்துக் காய்ச்சுகிறோம். அழுக்கெடுக்கச் சுண்ணாம்பும் வெண்டைத்தண்டுச் சாறும் மட்டும்தான். ஹைட்ரோஸ் கிடையாது, அஸ்கா கலப்பதும் கிடையாது. அதனால் எங்கள் சர்க்கரை பளிச்சென்ற மஞ்சளாக இருக்காது, கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். “நெறம் கம்மிங்க” என்று வியாபாரி விலையைக் குறைக்கிற அந்தக் கொடுமையிலிருந்து தப்பத்தான் நேரடியாகப் பாக்கெட் போட்டு விற்க இறங்கினோம். பாக்கெட் கணக்கெல்லாம் என் பொறுப்பு.

எழுபது பாக்கெட்டும் வீட்டுத் திண்ணையில் அடுக்கிக் கிடந்தபோது, பேக்கிங் ஆலோசகர் ஒருவர் வந்தார். சின்ன வயசுப் பையன், படித்தவர், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. ஒரு பாக்கெட்டை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குப் போயி கவலைப்படறீங்களாக்கா? 551 போடுங்க. கிலோவுக்குப் பத்து கிராம். மணலாட்டம் ஓடும்.”

“அது என்னதுங்க?”

“சிலிக்கா. சிலிக்கன் டை ஆக்சைடு. தூள் உப்பு பாக்கெட்ல பாருங்க, காபி மெஷின் பவுடர்ல பாருங்க, சூப் பவுடர்ல பாருங்க. ஆன்டிகேக்கிங் ஏஜென்ட் 551னு போட்டிருக்கும். நாம தெனமும் சாப்படறதுதான். வெறும் மணலுதானுங்கக்கா அது.”

நாட்டுச்சர்க்கரையில் அதைப் போட சட்டம் இடம் தருமா என்பது தனி விசாரணை. எனக்கு முதலில் இடித்தது அந்த ‘வெறும் மணல்’ என்ற வார்த்தைதான். மணலைச் சர்க்கரையில் போட்டால் பல்லில் நறநறக்காதா? இது ஏன் நறநறக்கவில்லை? அந்தப் பொடியைப் பற்றிய விவரத்தாளை அனுப்பச் சொன்னேன். அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் வந்துவிட்டது.

ஒரு பக்கத் தாள், எல்லாம் இங்கிலீஷ். குழுவில் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். பிறகு இரண்டு வரிகளைக் காட்டினார். ஒன்று, சராசரித் துகள் அளவு 7 மைக்ரான். இன்னொன்று, பரப்பளவு கிராமுக்கு 200 சதுர மீட்டர்.

“இந்த ரெண்டு வரியும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது பாரும்மா” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். நிஜமாகவே 7 மைக்ரான் கெட்டி உருண்டைகளாக இருந்தால், ஒரு கிராம் பொடியிலுள்ள எல்லா உருண்டைகளின் மேல்தோலையும் உரித்து விரித்தாலும் அரை சதுர மீட்டர்கூட வராது. ஆனால் தாள் 200 என்கிறது. ஐந்நூறு மடங்கு! அப்படியென்றால் அந்த 7 மைக்ரான் ஒரே துகள் இல்லை. திராட்சைக் கொத்தைத் தூரத்தில் நின்று அளந்துவிட்டு ‘பழத்தின் அளவு ஒரு முழம்’ என்று எழுதின மாதிரி. உள்ளே இருக்கிற ஒவ்வொரு பழத்தின் அளவைக் கணக்குப் போட்டால் சுமார் 14 நானோமீட்டர் வருகிறது. சில வகைச் சிலிக்காவில் துகளுக்குள்ளேயே பொந்துகளும் இருக்கும், அந்தப் பரப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் 14 என்பதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

நமக்கு சதுர மீட்டர் என்றால் மனசில் நிற்காது. ஒரு சென்ட் என்பது நாற்பதரை சதுர மீட்டர். ஆக ஒரு கிராம் பொடிக்குள் ஐந்து சென்ட் நிலம் மடித்து வைத்திருக்கிறது. கிலோவுக்குப் பத்து கிராம் போட்டால் ஐம்பது சென்ட். ஒரு கிலோ சர்க்கரைக்குள் அரை ஏக்கர்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தால் இல்லை. எழுபது பாக்கெட் நட்டத்தையும் இந்த அரை ஏக்கரையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவு மாறினால் குணம் மாறும்

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கும் கீழே இருந்தால் அதை நானோ துகள் என்கிறார்கள்.

பொருள் ஒன்றுதானே, சின்னதாகிவிட்டால் என்ன என்று கேட்கலாம். முழு மிளகையும் மிளகுப்பொடியையும் ஒன்றாகவா நினைக்கிறோம்? அரைத்தால் காரம் ஏறுவது புதுக் காரம் சேர்ந்ததால் இல்லை, நாக்கில் படுகிற பரப்பு கூடியதால். ஒரு செண்டிமீட்டர் கட்டியின் ஆறு முகமும் சேர்ந்து ஆறு சதுர செண்டிமீட்டர்தான். அதையே 100 நானோமீட்டர் துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர், ஒன்றரை சென்ட். உடம்போடு, குடலின் சவ்வோடு, அங்கே வாழ்கிற நுண்ணுயிர்களோடு உரசுகிற இடம் அத்தனை கூடுகிறது. அதோடு, பெரிய துகள் நுழைய முடியாத இடத்தில் சின்னது நுழையும். கட்டி தட்டாமல் தடுக்கும் வேலையை 551 செய்வதே இந்தப் பரப்பினால்தான். சர்க்கரைத் துகளின்மேல் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு ஈரத்தைத் தான் இழுத்துக்கொள்கிறது, துகளும் துகளும் ஒட்டவிடாமல் நடுவில் நிற்கிறது.

சிலிக்கா நமக்கு அந்நியமானதும் இல்லை. கரும்புத் தோகை கையை அறுக்கிறதே, அந்த ரம்பப் பல்லுக்குக் காரணம் சிலிக்காதான். நெல் உமியில் அது நிறைய உண்டு. அதனால் ‘சிலிக்கா என்றாலே விஷம்’ என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஆனால் 551 வயலிலிருந்து வருவதில்லை. சிலிக்கன் சேர்மத்தைத் தீயில் எரித்துப் புகையாகப் பிடிப்பார்கள், அல்லது சோடியம் சிலிகேட் கரைசலில் அமிலம் விட்டுப் படிய வைப்பார்கள். இரண்டிலும் முதலில் பிறப்பது நானோ துகள்தான். பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகின்றன. விவரத்தாள் அளந்து சொல்வது அந்தக் கொத்தை.

கொத்து கொத்தாகவே வெளியே போய்விட்டால் பிரச்சினை இல்லையே? நானும் அப்படித்தான் நினைத்தேன். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2012இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். 551 சேர்த்த உணவுகளை எடுத்து, வாய், இரைப்பை, சிறுகுடல் என்று மூன்று கட்டச் செரிமானத்தையும் குடுவையில் நடத்திப் பார்த்தார்கள். எச்சில் கட்டத்தில் நானோ அளவுத் துகள்கள் இருந்தன. இரைப்பை அமிலத்தில் அவை காணாமல் போயின, எல்லாம் திரண்டு பெரிதாகிவிட்டன. குடல் கட்டத்துக்கு வந்ததும் மறுபடி பிரிந்து நானோ அளவில் தோன்றின, முன்னைவிடக் கூடுதலாகவே. உணவு உடம்புக்குள் உறிஞ்சப்படுவதே குடலில்தானே!

இதை வைத்து 551 நோய் தரும் என்று நான் சொல்லவரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை மறு ஆய்வு செய்தது. நச்சுத்தன்மைக்கு அறிகுறி தெரியவில்லை, ஆனால் நானோ துகள்களை வைத்து நீண்டகாலச் சோதனை போதவில்லை, துகள் அளவு என்ன என்பதைத் தரவிதியிலேயே தெளிவாக எழுத வேண்டும் என்றது. 2024இல் மறுபடி பார்த்துவிட்டு, இப்போது சேர்க்கப்படும் அளவில் கவலைக்கு இடமில்லை என்று முடித்தது. இதை மறைத்துவிட்டு எழுதுவது நம் இயக்கத்துக்கு அழகில்லை.

“அப்புறம் என்னுங்கக்கா, அவங்களே சொல்லிட்டாங்களே” என்றார் ஆலோசகர். வாத்தியார்தான் பதில் சொன்னார்: “தம்பி, 171க்கும் இப்படித்தான் சொன்னாங்க.”

வெள்ளைக்கு மேல் வெள்ளை

171 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. ஐரோப்பாவில் இ171 என்பார்கள், நம்மூர் லேபிளில் ஐ.என்.எஸ். 171 என்றோ வெறும் 171 என்றோ இருக்கும். இதற்கு ருசி இல்லை, மணம் இல்லை, சத்து இல்லை, கெடாமல் காக்கிற வேலையும் இல்லை. வெள்ளையாக்கும், அவ்வளவுதான். சுவிங்கம், மிட்டாயின் மேல்பூச்சு, கேக்கின் வெள்ளைக் கிரீம், மாத்திரைத் தோல், பற்பசை. மிட்டாய்க்கு மேலே சிவப்பும் பச்சையும் பளபளக்க வேண்டுமென்றால் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டும், சுவருக்கு முதலில் வெள்ளையடிக்கிற மாதிரி.

உண்மையில் சுவருக்கு அடிப்பதும் இதுவேதான். உலகத்தில் தயாராகும் டைட்டானியம் டை ஆக்சைடில் பெரும்பங்கு பெயின்ட், பிளாஸ்டிக், காகிதத்துக்குப் போகிறது. அதன் தாய்மண் நமக்கு ரொம்பப் பக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட், ரூட்டைல் என்ற தாதுக்கள்தான் மூலப்பொருள். கேரளத்தில் சவறையிலும் திருவனந்தபுரத்திலும் இந்த வெள்ளைத் தூளைத் தயாரிக்கும் அரசு ஆலைகள் இருக்கின்றன. கறுப்பு மணலிலிருந்து உலகத்திலேயே பளீரென்ற வெள்ளை!

ஐரோப்பாவில் 1960களிலிருந்தே இதை உணவில் அனுமதித்திருந்தார்கள். உடம்பில் கரையாது, அப்படியே வெளியே போய்விடும் என்பதுதான் வாதம். எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் தீவனத்தில் நிறையக் கலந்து இரண்டு வருஷம் கொடுத்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1979இல் வெளியிட்ட அறிக்கையும் புற்றுநோய் வரவில்லை என்றது. அந்தக் காலத்தில் துகள் அளவை யாரும் கேட்கவில்லை.

2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உணவுத் தர 171ஐ வாங்கி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எண்ணிக்கையில் சுமார் 36 சதவீதத் துகள்கள் 100 நானோமீட்டருக்குக் கீழே இருந்தன. வெள்ளை நிறம் நன்றாக வருவது 200, 300 நானோமீட்டர் துகளால்தான். நானோ துகள் வேண்டுமென்று யாரும் போடவில்லை, அரைக்கும்போது மாவோடு வருகிற குருணை மாதிரி கூடவே வந்துவிட்டது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் இதை அதிகம் உண்பவர்கள் பெரியவர்கள் இல்லை, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மிட்டாயில்தானே இருக்கிறது.

2017 ஜனவரியில் பிரான்ஸின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ஆய்வை வெளியிட்டது. (வேளாண் நிறுவனம்தான், கவனியுங்கள். மண்ணையும் பயிரையும் பார்க்கிறவர்கள் குடலையும் பார்க்கிறார்கள்.) எலிகளுக்கு உடல் எடை கிலோவுக்குத் தினம் 10 மில்லிகிராம் வீதம் நூறு நாள் குடிதண்ணீரில் 171 கொடுத்தார்கள். சிறுகுடலில் நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் திட்டுகளில் டைட்டானியம் போய் உட்கார்ந்திருந்தது. பதினொரு எலிகளில் நான்குக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தெரிந்தன. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய படி. பிறகு தொழில்துறை பணம் கொடுத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தீவனத்தில் கலந்து கொடுத்தபோது இப்படி எதுவும் தெரியவில்லை. தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும் துகளும் தீவனத்தில் மற்றவற்றோடு ஒட்டியிருக்கும் துகளும் குடலில் வேறு மாதிரி நடக்கலாம். விவாதம் அங்கே இன்னும் ஓடுகிறது.

ஆனால் ‘அப்படியே வெளியே போய்விடும்’ என்ற பழைய வாதம் நிற்கவில்லை. 2018இல் நெதர்லாந்தில், இறந்த 15 பேரின் கல்லீரலையும் மண்ணீரலையும் பரிசோதித்தார்கள். டைட்டானியம் துகள் இருந்தது. 2020இல் பிரான்ஸில் பிரசவமான தாய்மாரின் நஞ்சுக்கொடியிலும், பிறந்த குழந்தையின் முதல் மலத்திலும் டைட்டானியத்தைக் கண்டார்கள். எல்லாம் மிட்டாயிலிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது, பற்பசை, மருந்து, காற்று என்று வழிகள் பல. பிள்ளை வாய் திறந்து ஒரு மிட்டாய் கேட்பதற்கு முன்பே அதன் குடலில் இந்த உலோகம் இருக்கிறது என்பதைப் படித்தபோது நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் மகள் அப்போது ஏழு மாதம்.

பிரான்ஸ் காத்திருக்கவில்லை. 2020 ஜனவரி 1 முதல் உணவில் 171ஐ நிறுத்தியது. 2016இல் ‘கவலை இல்லை’ என்று சொன்ன அதே ஐரோப்பிய ஆணையம், 2021 மே மாதம் மாற்றிச் சொன்னது: இதை இனி உணவுச் சேர்க்கையாகப் பாதுகாப்பானது என்று கருத முடியாது. உடம்பில் ஏறுவது குறைவு, ஆனால் ஏறியது தேங்கக்கூடும். மரபணுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை, அதனால் ‘இவ்வளவு சாப்பிடலாம்’ என்று ஒரு அளவை வைக்கவே முடியாது. 2022 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது, ஆகஸ்டோடு அவகாசமும் முடிந்தது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா அதிகாரிகள் இந்த முடிவை ஏற்கவில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழுவும் பழைய அனுமதியே போதும் என்றது. அமெரிக்காவில் உணவின் எடையில் ஒரு சதவீதம் வரை போடலாம் என்ற 1960களின் விதி அப்படியே இருந்தது. நம் நாட்டிலும் அனுமதிப் பட்டியலில் 171 உண்டு.

நிபுணர்களே இரண்டு கட்சியாக நிற்கும்போது நம்மைப் போன்றவர்கள் எந்தப் பக்கம் போவது? நான் இப்படி யோசித்தேன். பூச்சிக்கொல்லிக்காவது ‘இல்லாவிட்டால் விளைச்சல் போய்விடும்’ என்று ஒரு சாக்கு உண்டு. 171 இல்லாவிட்டால் என்ன போய்விடும்? மிட்டாய் கொஞ்சம் மங்கலாக இருக்கும். ஐரோப்பாவில் தடைக்குப் பிறகும் மிட்டாய் விற்கிறார்கள், குழந்தைகள் வாங்குகிறார்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவிலேயே மருந்துக்கு இந்தத் தடை இல்லை. மாத்திரைத் தோலில் 171 இருக்கிறது என்று சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். என் மாமியார் இதைக் கேட்டதும் அன்றே நிறுத்தப் பார்த்தார். சத்தம் போட்டுத்தான் விழுங்க வைத்தேன்.

பாதிக்கு மேல் இருந்தால்தான் நானோவாம்

ஐரோப்பாவில் 2014 டிசம்பர் முதல் உணவில் நானோவாகத் தயாரித்த பொருள் இருந்தால் லேபிளில் அதன் பெயருக்கு அருகில் ‘நானோ’ என்று எழுத வேண்டும். நல்ல சட்டம். ஆனால் 171 போட்ட எந்த மிட்டாயிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. காரணம், ஐரோப்பிய ஆணையம் 2011இல் கொடுத்திருந்த வரையறையில், எண்ணிக்கையில் பாதிக்கு மேல் துகள்கள் 100 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் அது நானோ பொருள். 36 சதவீதம் என்றால்? நானோ இல்லை என்று சாதிக்க இடம் கிடைத்தது. நூறு மூட்டையில் முப்பத்தாறு மூட்டை கலப்படம், பாதிக்குக் கீழேதானே என்று விற்பனைக்கூடத்தில் நாம் சொன்னால் விடுவார்களா?

இங்கே அந்த அளவுக்குக்கூட இல்லை. 2020 ஜூலையில் நானோ வேளாண் இடுபொருள், நானோ உணவுப்பொருள்களை எப்படி மதிப்பிடுவது என்று மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. புதிதாக ‘நானோ’ என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதற்கு அது பொருந்தும். பல வருஷமாக 551, 171 என்ற எண்ணுக்குள் சத்தமில்லாமல் இருப்பதை யார் அளப்பது? எண் பொருளின் பெயரைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. மணலும் 551உம் வேதியியலில் ஒன்றுதான், ஆலோசகர் பொய் சொல்லவில்லை.

இயற்கை விவசாய அமைப்புகள் இதில் முந்திக்கொண்டன. பிரிட்டனின் சாயில் அசோசியேஷன் 2008 ஜனவரியிலேயே, தான் சான்று கொடுக்கும் பொருள்களில் மனிதர் தயாரித்த நானோ பொருள் கூடாது என்று விதி வைத்தது. இப்போதைய ஐரோப்பிய ஒன்றிய இயற்கை வேளாண் சட்டமும் நானோவாகத் தயாரித்த பொருளை இயற்கை உணவில் அனுமதிப்பதில்லை. ஆனால் அதே சட்டத்தின் பட்டியலில், பொடித்த மூலிகை, மசாலாவுக்கு 551 போடலாம் என்றும் இருக்கிறது! கொத்தை அளந்தால் அனுமதி, பழத்தை அளந்தால் தடை. எங்கள் வாத்தியார் சொன்ன சண்டை சட்டப் புத்தகத்துக்குள்ளேயே நடக்கிறது.

குழுக்கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார், “அப்ப நானோ யூரியா?” அது தனிக் கட்டுரைக்கான விஷயம். 2021இல் வந்தபோது, 500 மில்லி பாட்டில் 45 கிலோ மூட்டைக்கு ஈடு என்றார்கள். பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். மூட்டையில் 20 கிலோவுக்கும் மேல். மீதியை யார் கொடுப்பார் என்பதைப் பயிரைத்தான் கேட்க வேண்டும். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுச் சோதனையில் நெல்லும் கோதுமையும் விளைச்சல் குறைந்ததாகப் பதில் சொல்லியிருக்கின்றன. நாம் யூரியாவே போடுவதில்லை என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

கூட்டத்தில் என்ன நடந்தது

சுமுகமாக முடியவில்லை. நான்கு குடும்பங்கள் 551 போடலாம் என்றன. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. எங்களில் மூத்த அண்ணன் ஒருவர் கேட்டார்: “அம்மிணி, ஊரெல்லாம் தின்னுட்டுத்தான இருக்குது. இந்தப் பத்து கிராமுக்காக எழுவது பாக்கெட்டத் தலையில வெச்சுக்கிட்டு நிக்கோணுமா? கடனை நானோவாவா கட்டறது?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் கூட்டுறவு வங்கியில் தவணை இருக்கிறது.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நம்மிடம் வாங்குகிறவர் போன் பண்ணி, இதில் என்ன போட்டிருக்கிறீர்கள், அது என்ன அளவு என்று கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடியுமா? சுண்ணாம்பு எங்கிருந்து வாங்கினோம் என்று தெரியும், வெண்டைச்செடி யார் காட்டில் பிடுங்கினது என்று தெரியும். இதற்கு விற்றவரின் தாளிலேயே இரண்டு பதில் இருக்கிறதே.

ஓட்டெடுப்பு இல்லை. ஒரு சீசன் 551 இல்லாமல் முயன்று பார்ப்பது, மறுபடி நட்டம் வந்தால் மறுபடி பேசுவது என்று முடிந்தது.

கட்டி ஏன் தட்டுகிறது என்று அப்போதுதான் ஒழுங்காக யோசித்தோம். வெள்ளைச் சர்க்கரை அவ்வளவாக ஈரம் இழுக்காது. நாட்டுச்சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தாதுக்களும் இருப்பதால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. வெட்டின கரும்பு இரண்டு மூன்று நாள் கிடந்தால் சாற்றில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறிவிடும், கட்டியும் கூடும். எங்கள் முறைவைப்பில் கடைசிக் குடும்பத்துக் கரும்பு மூன்று நாள் களத்தில் கிடந்தது நிஜம். திரும்பி வந்த பாக்கெட்டின் தேதியை நோட்டில் பார்த்தால் பெரும்பாலும் அந்த நாள்களின் சர்க்கரைதான். சிலிக்கா போட்டிருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது.

இப்போது வெட்டின மறுநாளுக்குள் ஆட்டிவிடுகிறோம். அதற்காக முறைவைப்பையே மாற்றி, இரண்டு குடும்பத்தோடு வாய்ச்சண்டையும் ஆயிற்று. பாகு இறக்கி உடைத்துச் சலித்த சர்க்கரையை, முன்பு அன்றைக்கே கட்டுவோம், இப்போது ஒரு பகல் முழுக்க நிழலில் உலர்த்துகிறோம். வெயில் ஏறின பிறகுதான் பாக்கெட், விடிகாலைப் பனியில் கட்டுவதில்லை. ஒரு கிலோவை அரைக் கிலோவாக்கினோம், பிரித்த பாக்கெட் வீட்டில் ரொம்ப நாள் கிடக்காது. காகிதப் பையில் விற்கும் ஆசையை விட்டுவிட்டுக் கனமான உறைக்குப் போனோம். பிளாஸ்டிக்தான். அதில் எனக்கு வருத்தமுண்டு, வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். செலவு பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூடிவிட்டது.

உறையின் பின்பக்கத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கிறோம்: ‘ஈரக்காற்றில் கட்டி தட்டும். கரண்டியால் தட்டினால் உதிரும். கட்டி தட்டாமலிருக்க எதுவும் சேர்க்கவில்லை.’

சென்னைக் கடைக்காரர் அந்த வரியைப் படித்துவிட்டு, “ரிஸ்க்குதாங்கக்கா” என்றார். 120க்குப் பதில் 40 எடுத்துக்கொண்டார். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் ஒன்றும் திரும்பவில்லை. அது வெயில் காலம், அதில் பெருமை இல்லை. ஆடியில் நான்கு பாக்கெட் வந்தது. இந்த ஐப்பசி, கார்த்திகைக்குச் சென்னைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அடுத்த அமாவாசைக் கூட்டத்தில் பேசப்போகிறோம். திரும்பி வந்த அந்த எழுபது பாக்கெட்டை உடைத்துச் சலித்து, கம்பு உருண்டைக்குப் பாகு காய்ச்சித் தீர்த்துவிட்டோம்.